சிவந்த கன்னமும் ரத்தப் பொரியலும்

அன்பு மகள் யோவானாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும், ஆடுகளும் சுகம். மிலானில் நீயும், நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்கிற அந்த வயதான அம்மாவும் சுகமாயிருக்க மரியன்னையை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது, முழுக்கச் சரியில்லை, சொல்கிறேன், பதறாதே.

உன் தங்கை நெலிடா வகுப்பில் மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிறாள், ஆண்டுவிழா ஆட்டத்துக்குப் பழகும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். இந்த வருடத்திலிருந்து நர்ஸ் ரொக்சானா பள்ளிக்கே வந்து பிள்ளைகள் விரலில் குத்தி ரத்தம் பார்க்கிறாள், நெலிடாவுக்கு ரத்தம் குறைவாம். எனக்கு வந்ததே கோபம்! பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, என் பொண்ணு கன்னத்தப் பாருங்க, தக்காளியாட்டம் செவந்து கெடக்கு, இதுக்கா ரத்தம் இல்ல, ஊசியக் குத்தி எடுத்துட்டு இல்லேங்கிறீங்களா என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள், நம் மலையூரில் கன்னம் சிவக்காத பிள்ளை ஏது. ரொக்சானா சிரித்துக்கொண்டே, மாமா, கன்னம் செவக்கிறது குளிர்காத்தும் வெயிலும் அடிச்சு, உள்ள ரத்தம் இருக்கான்னு கன்னம் சொல்லாது என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை.

மதியச் சாப்பாடும் மாறிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஆட்டு ரத்தப் பொரியல், சாப்பாட்டோடு டீ கிடையாது, ஆரஞ்சுச் சாறுதான். டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாதாம். டீ இல்லையென்றால் நமக்குச் சாப்பிட்ட மாதிரியா இருக்கும்? பள்ளியில் பெற்றோர்தானே மாறிமாறிச் சமைக்கிறோம், அந்த முறை நம் வீட்டுக்கு வந்த அன்று அம்மாவோடு நானும் போனேன், வெங்காயத்தைக் கருக்கி எல்லோரிடமும் கேலி வாங்கினேன். அந்த எரிச்சலில், அங்கேயிருந்த ரொக்சானாவிடம், எங்க வீட்டு ரத்தத்தையே அளந்து பாரும்மா, நெலிடாவும் எங்க ரத்தம்தானே என்று விரலை நீட்டினேன். என் ரத்தம் நன்றாகவே இருந்தது. பார்த்தியா என்று மார்தட்டிக்கொண்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன். எனக்கெதுக்குங்க, அடுப்புல கஞ்சி பொங்குது என்று நழுவினாள், நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கன்னம் என்னவோ எல்லோரைவிடவும் அவளுக்குத்தான் சிவப்பு. ரத்தம் நெலிடாவைவிடக் குறைவு.

நேத்து என்னக்கா சாப்பிட்டீங்க என்று ரொக்சானா கேட்டாள். ஆட்டுக்கறி சூப்பு என்றாள் அம்மா. தட்டோடு வரிசையில் நின்ற நெலிடா, அம்மா தட்டுல கறியே இருக்காது, காஞ்ச உருளைக்கிழங்கும் டீயுந்தான், கறியெல்லாம் அப்பாவுக்கும் எனக்கும், நானும் அம்மா மாதிரி என் கறிய நாய்க்குட்டிக்குப் போட்டுட்டு டீ குடிச்சுப்பேன் என்றாள் சாதாரணமாக. யோவானா, தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அந்தத் தட்டை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. வெட்கமாயிருந்தது, அதைவிடப் பயமாயிருந்தது.

தலைமையாசிரியை அன்றே ஒரு வழக்கம் கொண்டுவந்துவிட்டார், சமைக்கிற பெற்றோர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பாத்திரம் கழுவவேண்டும். வீட்டில் நான் பரிமாறுகிறேன், முதல் துண்டு அம்மாவுக்கு. பொழுதன்னைக்கும் என் தட்டையே முறைக்கிறாரு இந்த மனுசன் என்று திட்டுகிறாள், திட்டட்டும். அம்மாவும் மகளும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு ரொக்சானா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை விழுங்குகிறார்கள், கசப்புக்கு முகத்தைச் சுளித்துச் சிரிப்பு வேறு. நெலிடா இப்போது வகுப்பில் தூங்குவதில்லை, ஆட்டம் முழுக்க ஆடுகிறாள். அம்மாவுக்கு இன்னும் நாளாகுமாம்.

இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது என்கிறாள். அவள் கிடக்கிறாள். நீயும் அங்கே ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள், குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே தாயே. ஒவ்வொரு தடவையும் போனில் சாப்பிட்டேன்ப்பா என்கிறாயே, அது அப்படியே உன் அம்மாவின் குரல். இனி அப்படிச் சொல்லாதே, தட்டில் என்ன இருந்தது என்று சொல்.

உன் அப்பா,
எலெயுதேரியோ கொண்டோரி