வாசல் படகும் பெட்டி மீனும்

எர்லிங்,

உட்கார்ந்து இதைப் படி, ஒரு கதை சொல்கிறேன். ஏற்றி இறக்க இரண்டு நாள்தான் படகை வீட்டு வாசலில் நிறுத்தலாம் என்பது நம் ஊர்ச் சட்டம். ஆய்வாளர் வரும்போதெல்லாம் மீன்பெட்டியைப் படகில் தூக்கிப் போட்டு, "இப்பத்தான் ஏத்துறேன்"னு சொல்லியே நீ ஒரு மாதத்தை ஓட்டிவிட்டாய்.

இன்று அந்த ஆய்வாளர் பெண் பெட்டியைத் திறந்தாள். உள்ளே போன மாத மீன், நெளிகிற புழு. "ஏம்மா, இது ஏத்துறதா, பொணம் காக்குறதா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நாளைக் காலைக்குள் படகு கொல்லைப்புறம் போகாவிட்டால் இழுத்துப் போய்விடுவார்கள். நான் தங்கை வீட்டில் இருக்கிறேன். கையைத் தேய்த்துக் கழுவாமல் என் சட்டியைத் தொடாதே.

ஆர்லிஸ்

பி.கு. கொல்லைப்புற வழியை அடைக்கும் என் லைலாக் பூச்செடிகளை வெட்ட மனம் வராமல்தான் பொய் சொன்னாய், தெரியும். வெட்டிவிடு. நம் வீட்டில் நல்ல காற்று வீசட்டும்.