ராகுகாலத்தில் வெல்டிங்

ஜூன் 3, திங்கள்

காலை ஏழுக்கே வியர்வை. பட்டறைக்கார சலீம் பாயிடமிருந்து பழைய வெல்டிங் மிஷின் வந்தாயிற்று. ராடு ஒரு பாக்கெட், முகமூடி, கையுறை, படிக்கு இரும்புத் தகடு.

மாடிப்படியில் மூன்றாவது படி துருப்பிடித்து, போன மாதம் கல்யாணியின் கால் உள்ளே போய்விட்டது. ஒன்பது தையல். அசோக் நகரில் அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். "அந்தப் படியைச் சரி பண்ணாம நான் அந்த ஆத்துக்கு வரப்போறதில்லே." சொன்னால் சொன்னதுதான். என் ரசத்தை நானே குடித்துக்கொண்டிருக்கிறேன்.

கீழ் போர்ஷனில் கூடப் பிறந்த அண்ணன் வரதன். பாய் அளவெடுக்க வந்தபோது கேட்டிலேயே மறித்தான். "பொதுப் படி. என் சம்மதம் இல்லாம யாரும் கை வைக்கப்படாது." கல்யாணி விழுந்த அன்று சொன்னது: "பாத்து நடக்கணும்." இரண்டையும் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பாய் கும்பிடு போட்டுவிட்டார். "உங்க வூட்டு பஞ்சாயத்துல நான் வர்ல சார். மிஷின் தரேன், நீயே அட்ச்சுக்கோ."

அடிக்கிறேன். ஐம்பத்தாறு வயது, பாங்க் உத்தியோகம் பார்த்த கை. பார்ப்போம்.

ஜூன் 4, செவ்வாய்

காலை முதல் முயற்சி. தகட்டில் பொறியே வரவில்லை. அரை மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மிஷினைத் திட்டி, பாய்க்குப் போன்.

"பெயிண்ட் கிய்ண்ட் அட்ச்சியா சார்?"

அடித்திருந்தேன். துருப்பிடிக்கக் கூடாதே என்று நேற்றே ரெட் ஆக்சைடு, இரண்டு கோட்.

"பொட்டு வெச்சு பூ வெச்சு அப்பால குளிப்பாட்டுவியா? மொதல்ல சொரண்டு சார்."

சுரண்டினேன். பொறி வந்தது. அடுத்த நிமிடம் கரண்ட் போனது. மெயின் ஸ்விட்ச் கீழ் வராந்தாவில். பக்கத்தில் வரதன், பனியனோடு.

"ஃபேன் மெதுவா சுத்தறதுடா. அதான் அணைச்சுட்டேன்."

மாலை வரை போடவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த மாவு பொங்கிப் புளித்துவிட்டது. படுபாவி.

ஜூன் 5, புதன்

காலண்டரைக் கிழிக்கும்போது பளிச்சென்று பட்டது. ராகுகாலத்தில் வரதன் வாசல்படி தாண்ட மாட்டான். மெயின் ஸ்விட்ச் இருக்கும் வராந்தா வாசல்படிக்கு வெளியே.

பு. 12–1.30
வி. 1.30–3
வெ. 10.30–12
ச. 9–10.30
ஞா. 4.30–6

உச்சி வெயிலில் உட்கார்ந்து அடித்தேன். பழைய இரும்புத் துண்டுகளில் பயிற்சி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான், "நிறுத்துடா!" வெளியே வரவில்லை. 1.31க்கு மெயின் அணைந்தது. அதற்குள் பதினோரு ராடு. ஒட்டின இடமெல்லாம் காக்காய் எச்சம் மாதிரி. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜூன் 6, வியாழன்

கிறுக்கல்தான் வரும். கண்ணில் மண்ணை அள்ளிக் கொட்டினாற்போல் எரிச்சல். நேற்று ராடு எங்கே படுகிறது என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் முகமூடியைத் தூக்கியிருக்கிறேன். டாக்டர் சொட்டு மருந்தும் திட்டும் கொடுத்தார். இன்றும் நாளையும் வேலை கிடையாது.

கீழே மன்னி போனில் யாரிடமோ: "மச்சினருக்குக் கண்ணு போயிடுத்து. இவர் அன்னிக்கே சொன்னார்." பாயசம் சாப்பிட்ட குரல்.

கல்யாணி போனில்: "விட்டுடுங்கோளேன்." விட மாட்டேன்.

ஜூன் 8, சனி

9–10.30. பழைய படியை அறுத்தெறிந்து புதுத் தகட்டை வைத்து அடித்தேன். முகமூடியைத் தூக்கவில்லை. முதலில் நாலு மூலையிலும் புள்ளி, பிறகு நீளமாக. சுத்தியால் தட்டியதும் கசடு உதிர்ந்தது. இடது பக்கம் ஒரு விரல் சாய்வு.

தாங்குமா, தெரியாது. பாய்: "மேல ஏறி நின்னு குதி சார். அதான் டெஸ்ட்டு."

இன்று முழுக்க இரண்டாவது படியிலிருந்து நாலாவதுக்கு எட்டி வைத்தே போய்வந்தேன். பயம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

புழுக்கம். மழை வருகிறமாதிரி ஏமாற்று. கைப்பிடியில் ஒரு அட்டை கட்டினேன்: "மூன்றாம் படியில் கால் வைக்க வேண்டாம். இன்னும் சோதிக்கவில்லை." நல்ல எண்ணத்தில்தான்.

மாலை ஐந்து. நல்ல ராகுகாலம். மேலிருந்து பார்க்கிறேன், வரதன் வாசல்படி தாண்டி வந்து அட்டையைப் படிக்கிறான். அவ்வளவு ஆத்திரம்.

"அப்பா கட்டின ஆத்துல எனக்கே போர்டு போடறயா?"

ஏறினான். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது.

"அண்ணா, வேண்டாம்!"

என் குரல்தான். அவனை அண்ணா என்று கூப்பிட்டு ஆறு வருஷம் இருக்கும்.

மூன்றாம் படியில் நின்றான். என்னை முறைத்துக்கொண்டே இரண்டு தடவை குதித்தான். படி அசையவில்லை.

"கோணலா இருக்கு." இறங்கிப் போனான். போகிற போக்கில் மெயினை அணைத்தான்.

இருட்டுவதற்குள் கல்யாணிக்குப் போன். படி ரெடி என்றேன்.

"நீங்க ஏறிப் பாத்தேளா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "இல்லே. அவன் ஏறினான். குதிச்சான்."

"அவரைத் தாங்கித்துன்னா சரி. நாளைக்கு வரேன்."

கண்ணைப் பொசுக்கிக்கொண்டு அடித்தவன் நான். அந்தப் படுபாவி சாட்சி சொல்லித்தான் என் பெண்டாட்டி வீடு திரும்புகிறாள்.