அழைக்காத வீட்டுக்குப் போகும் தட்டு

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய சுபாஷிணி டீச்சருக்கு, சுல்ஃபத் அன்போடு எழுதுவது.

நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் படைத்தவன் காவலில் சுகமாக இருப்பீர்களாக. இங்கே மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்றால் யோசித்த பதில் வேண்டும் என்று அர்த்தம். மிளகுக் கிடங்கு ஆபீஸில் எனக்கு எல்லாம் மலையாளமும் ஆங்கிலமும்தான். தமிழ் எழுதி நாளாயிற்று. முன்பு உங்கள் ஆராய்ச்சிக்கு நான் எடுத்துத் தந்த குறிப்புகளைத் திருத்தியதுபோல இதையும் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். இருபது வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் தங்கி ஆராய்ச்சி செய்தபோது ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதினீர்கள். கல்யாண பிரியாணிக்குத் தம் உடைத்து மூடியைத் திறந்ததும் முதல் தட்டு, சண்டையால் அழைக்காமல் விட்ட வீட்டுக்குப் போகும் என்று. அது பழைய வழக்கம்தானா, இல்லை நௌரின் சொல்வதுபோல நீங்கள் வந்த வருடம் தொடங்கியதா?

தேவரா கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் அந்த நௌரின் என்னிடமும் வந்தாள். கெட்டிக்காரி. உங்கள் புத்தகத்தில் அவள் கோடு போடாத பக்கமே இல்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. உங்களோடு வீடு வீடாக வந்தபோது நான் கல்லூரி முடித்திருந்தேனே தவிர, நாங்கள் பாலக்காட்டிலிருந்து குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெருக்காரர்கள் செய்ததை எல்லாம் அவர்கள் காலகாலமாகச் செய்வது என்றுதான் நானும் நினைத்தேன்.

அதனால் இஞ்சி வியாபாரம் செய்யும் பரீத் மாமாவைப் பார்க்கப் போனேன். நீங்கள் பார்த்த முதல் கல்யாணம் அவர் வீட்டில்தானே. நான் கேட்டதும் சிரித்தார், சிரித்ததில் சாயா சட்டையில் சிந்தியது. பழைய வழக்கமா, யாரு சொன்னா மோளே, என்றார். நீயும் டீச்சரும் எழுதற புஸ்தகத்தோட பந்தல்ல வந்து உக்காந்துட்டீங்க, சண்டையில நான் கூப்பிடாம விட்ட எதிர்வீட்டுக்காரன் எங்கேன்னு டீச்சர் கேட்டா நான் எங்கே போய் முகத்தை வச்சுக்கிறது, அதான் முதல் தட்டை அவனுக்குக் குடுத்து விட்டேன், என்றார். அடுத்த மாதம் அந்த எதிர்வீட்டில் கல்யாணம். பரீத் அனுப்பினானே, நாம அனுப்பலைன்னா சின்னத்தனம் என்று அவர்களும் வேறொரு பகையாளிக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வீட்டில், நாம விட்டா டீச்சர் நம்மளை என்ன நினைக்கும் என்று பயந்தார்கள். நீங்கள் மூன்று கல்யாணம் பார்த்தீர்கள், மூன்றிலும் தட்டு போனது. எழுதிவிட்டீர்கள்.

ஆக, நௌரின் சொல்வது சரி. உங்கள் புத்தகத்தை வைத்து எத்தனையோ நாடுகளில் கட்டுரைகள் வந்திருப்பதாகவும், பகை தீர்க்கும் வேலை செய்கிறவர்கள்கூட அதைப் பாடமாகப் படிப்பதாகவும் அவள் சொன்னாள். அவ்வளவு பேரும் பரீத் மாமாவின் மானத்தின்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மன்னியுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் புத்தகம் மலையாளத்தில் வந்த பிறகு, இந்தத் தெருவில் அந்தத் தட்டு போகாத கல்யாணமே இல்லை. அதனால் சேர்ந்த வீடுகள் உண்டு. தட்டைத் திருப்பி அனுப்பிய வீடும் உண்டு. இறைச்சி குறைவாக வைத்தார்கள் என்று புதுச்சண்டை தொடங்கிய வீடும் உண்டு. இங்கே மருமகளாக வரும் பெண்ணுக்கு முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். இப்போது இது வழக்கமா, இல்லையா? இல்லாததை எழுதி, எழுதியதால் அது உண்டாகிவிட்டால், உங்கள் படிப்பில் அதற்கு என்ன பெயர்? நௌரினிடம் கேட்டேன். அதைத்தான் மாமி நான் எழுதப்போறேன் என்றாள்.

இனி என் விஷயம். உங்களிடம் மறைக்கத் தோன்றவில்லை. அண்ணன் நஜீம் என்னோடு பேசி நான்கு வருடமாகிறது. அவர் மகள் ஹஸீபாவைத் திருவனந்தபுரத்தில் மேல்படிப்புக்கு அவருக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டேன். என் பொண்ணுக்கு அத்தா நானா நீயா என்று கேட்டுவிட்டுப் படியிறங்கியவர்தான். ஹஸீபா நன்றாகப் படித்து வேலைக்கும் போய்விட்டாள். இன்னொரு முறை கேட்டாலும் அதையே செய்வேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அவர் வீட்டிலிருந்து மூன்றாவது வீடுதான் எங்களுடையது. அழைப்பு வரவில்லை. அத்தா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க மாமி என்று ஹஸீபா போனில் அழுதாள்.

அந்த வழக்கத்தில் அண்ணனுக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கே இருக்காது. தெரு வாசகசாலைக்கு அவர்தான் செயலாளர். உங்கள் புத்தகத்தைத் தேடி வருகிறவர்களிடம், இது எங்க மூதாதைங்க காலத்துலேர்ந்து உள்ளது என்று அவர்தான் விளக்குவார். நீ பாலக்காட்டுக்காரன்தானடா என்று பரீத் மாமா வாரினாலும் விடமாட்டார்.

சனிக்கிழமை எர்ணாகுளத்தில் நீங்கள் பேசப்போகும் கூட்டத்துக்கும் அவர் வருவார். கல்யாண வேலையைப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்காருவார். நௌரின் சொல்வது சரியாக இருந்தால் அங்கே, நான் எழுதியது தவறு, அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை என்று சொல்லப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டால் மறுநாள் அண்ணன் தட்டு அனுப்பமாட்டாரே என்றுதான் முதலில் நினைத்தேன். பேச்சை இரண்டு நாள் தள்ளி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி வரும்போது மனம் மாறிவிட்டது. நீங்கள் பேசாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தட்டு நிச்சயம் வரும். ஆனால் அதை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். உங்கள் புத்தகமா, தெருவா, வாசகசாலைச் செயலாளரா? அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று தெரிந்த பிறகும் என் அண்ணன் அனுப்புகிறாரா என்று பார்க்கவேண்டும். வராமலும் போகலாம். அதையும் தெரிந்துகொள்கிறேன்.

அதனால் பேச்சை மாற்றவேண்டாம். ஒரு கோரிக்கை மட்டும். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிடாதீர்கள். அவருக்கு முழுதாகப் புரியும்படி தமிழிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

உங்கள் உடம்புக்கும் உங்கள் உழைப்புக்கும் எந்தக் குறையும் வராமல் இறைவன் காப்பானாக. ஹஸீபாவுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு நான் உலை வைக்கப்போவதில்லை.

என்றும் உங்கள்,
சுல்ஃபத்