மோட்டார் வயரைத் தொடாதே

நீ அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. மோட்டாரை ஓட்டுற டிரைவர் போர்டு வாங்கப் போறேன். கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல போய் நிக்கணும். ஒண்ணுதான் இருக்காம்.

நேத்து நான் செஞ்ச ஊட்டுற மிஷினோட ஸ்பூன் வெட்டி இழுத்து மாமா மேல சூப்பைக் கொட்டினதும் நீ ஆத்திரத்துல மோட்டார் வயரை உருவினே. பெத்த அப்பாவாச்சே, உருவத்தான் செய்வே. ஆனா கரன்ட் இருக்கும்போது உருவினா போர்டு புகைஞ்சிடும். புகைஞ்சிடுச்சு.

முதல் தப்பு என்னோடதுதான். எடுத்த எடுப்புலயே முழு வேகத்துல ஓட விட்டேன். இப்ப ப்ரோகிராமை மாத்திட்டேன். மெல்லக் கிளம்பும், மெல்ல வேகம் கூடும், வாய்கிட்ட வந்து மெல்ல நிக்கும். ஓட்டிப் பார்க்கத்தான் போர்டு இல்ல.

மாமா மூணு நாளா சரியா சாப்பிடல. கெஞ்சியாவது பால் குடிக்க வை. இதுவும் சரியா வரலன்னா எனக்கு வேற வழி தெரியலம்மா.

போர்டு மாட்டினதும் முதல் நாற்பது ஸ்பூன் எனக்குத்தான். என் சட்டை நனையட்டும்.

இன்னொண்ணு. நேத்து சட்டை மாத்தும்போது மாமா சொன்னார்: "அந்த மிஷினை எப்படியாவது சரி பண்ணுங்க மாப்ள. என் கை நடுங்குறதைப் பார்த்து அவ அழுகையை அடக்கிட்டு ஊட்டுறா. எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

உன்கிட்ட சொல்லாதீங்கன்னார். படிச்சதும் கிழிச்சிடு.