மழைக்கு மறைப்பு

முகத்துவாரம்,
கொழும்பு 15.
14.06.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஐறீன் எழுதுகிறேன். குவைத்தில் நீங்களும் நீங்கள் பார்க்கிற பிள்ளைகளும் சுகமாயிருக்க மடுமாதாவை மன்றாடுகிறோம். அம்மா சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இங்கே சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. கடல் மண்ணிறமாகக் கிடக்கிறது, யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பேலியகொடைக் கொம்பனிக்கு இறால் வரத்தும் குறைவு. எனக்கு உரிக்கிற வேலை கிழமையில் இரண்டு நாள்தான். நீங்கள் அனுப்பிய சட்டை அளவாயிருக்கிறது.

போன கிழமை அப்பாவும் நானும் வள்ளத்துக்கு மறைப்புக் கட்டினோம். ஊரில், பேசாலையில் கட்டுகிற மாதிரித்தான். மேட்டில் ஏற்றிக் கட்டைமேல் வைத்து, நடுவில் மூங்கில் போட்டு, இரண்டு பக்கமும் தென்னங்கிடுகு சரித்து, மேலே பழைய வலை. ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கத்துக்கு நான் கிடுகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, காவலில் நிற்கிற ஆமிக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். சித்திரையில் கடலால் வந்து துறைமுகத்தில் குண்டு வெடித்த பிறகு அவர்களுக்கு வள்ளத்தைக் கண்டாலே பயம். என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டு, "ஹங்கனவா மாத்தயா" என்றார். அவர்கள் சிரிக்கவில்லை. கட்டின கிடுகை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பின்னேரம் பக்கத்து வீட்டு ஒஸ்வால்ட் அண்ணன் வந்துதான் சொன்னார். "உங்கட அப்பா மீனுக்கு விலை சொல்ல மட்டுந்தான் சிங்களம் படிச்ச மனுசன். மூடுறதுக்கு வஹனவா எண்டு சொல்ல வேணும். ஹங்கனவா எண்டா கள்ளச் சாமானை மறைக்கிறது" என்றார். நாங்கள் மழைக்கும் மறைக்கிறது என்றுதானே சொல்வோம். அப்பா அந்தச் சொல்லைத்தான் சிங்களத்தில் தேடி எடுத்திருக்கிறார்.

நேற்று அம்மாவும் நானும் அப்பாவை வைத்திருக்கிற இடத்துக்குப் போனோம். அவரைக் காட்டவில்லை. அவர் உடுக்கக் கொண்டுபோன சாரத்தை வாங்கி வைத்தார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, நான்தான் கதைக்க வேண்டும். என்னைத் தெரியும்தானே, கடையில் உப்புக் கேட்கவே எனக்கு வாய் வராது. ஆனாலும் கதைத்தேன். மழைக்கு மூடுவதும் மறைப்பதும் எங்களுக்கு ஒரே சொல், அதுதான் அப்பா மாறிச் சொல்லிவிட்டார் என்றேன். அங்கே பொறுப்பாயிருந்த பெரியவர் கோபப்படவில்லை. கொஞ்சம் தமிழும் தெரிந்தவர். நான் சொன்னதை எழுதிவிட்டு நிமிர்ந்து, "சரி நங்கி, அப்ப நீங்க மெய்யா ஒரு சாமான் மறைச்சா, அதுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டார். எனக்கு வேறு சொல் வரவில்லை. "அதுக்கும் மறைக்கிறது எண்டுதான் சொல்லுறது" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கும்போதுதான் சரியான சொல் வந்தது. ஒளிக்கிறது. நீங்களும் நானும் கோயில் வளவில் ஒளித்துப் பிடித்து விளையாடாத நாள் இருந்ததா? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவ குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததற்கு அழுதுகொண்டிருந்தா.

வள்ளத்தை இப்போது யாரும் கிட்டப் போய்த் தொடுவதில்லை. மூடவும் பயம், திறந்து கிடந்தால் பலகை ஊறிப்போகும். காலையில் நான் போய்த் தண்ணீரை இறைத்து ஊற்றுகிறேன். காவலில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போய் அந்தச் சொல்லைச் சொல்லுவேன். எழுதினதை வெட்டுவார்களோ தெரியாது. நீங்கள் லீவு கேட்டு வர வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னா.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கள் போயிருக்கும். ஆனாலும் எனக்கு வாய் வர வேண்டுமென்று மன்றாடுங்கள் அக்கா. மாதாவுக்கு முந்தினது பிந்தினது இல்லை.

உங்கள் தங்கை,
ஐறீன்