மீன் வருவதற்கு முன்பு

இன்று காலை காய்ந்த கொட்டம்பா மரத்து இலை ஒன்றைக் கழுவி மீன்தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் தேயிலைச் சாயம்போல் நிறம் இறங்கி, நனைந்த சருகின் வாசம் எழுந்தது. நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று ஒரு கணம் நினைத்து, நகர்ந்து இடம் விட்டேன்.

அந்தச் சாயம் மீனுக்கு நல்லதென்று, இலைகளை வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையோரம் நீதான் பொறுக்கி வந்தாய். கொட்டாஞ்சேனைக் கடையொன்றில், பிளாஸ்டிக் கோப்பைக்குள் உடலைத் திருப்பக்கூட இடமில்லாமல் கிடந்த நீல ஃபைட்டர் மீனைப் பார்த்துவிட்டு வந்த கிழமை அது. நீ மீனை வாங்கவில்லை. தொட்டியைத்தான் வாங்கி வந்தாய். நாம் இருவரும் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசையின் பாதியை அது பிடித்துக்கொண்டது. மெல்லக் குமிழி விடும் ஃபில்டர்தான் வேண்டும் என்றாய். தண்ணீர் இழுத்தால் அந்த நீளச் செட்டைகள் களைத்துப்போகுமாம். துள்ளி விழாமல் மூடி. மேலே வந்து காற்றுக் குடிக்க, மூடிக்குக் கீழே இடைவெளி.

பிறகு வெறுந்தொட்டிக்குள் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடத் தொடங்கினாய்.

"மீனே இல்லை. ஆருக்கு இந்தச் சாப்பாடு?" என்று கேட்டேன்.

"ஊத்தையைத் தின்னுற கிருமியள் முதல்ல குடிவர வேணும். இல்லாட்டி வாற மீன் தன்ர ஊத்தையிலயே செத்துப்போகும். பொறு."

அந்தக் கிருமிகள் குடிவந்து தண்ணீர் பழகுவதற்குள் நீ போய்விட்டாய். வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாயாம். அன்று காலை குடையைக் காணவில்லை என்று என்னோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கியவள்.

உன் சாமான்களை எடுக்க வந்த உன் தம்பி தொட்டியைப் பார்த்தான். "அக்கா, இதையும் ஊத்திப்போட்டுக் கொண்டுபோகவா?"

"வேண்டாம் தம்பி. தண்ணி இன்னும் பழகேல்லை."

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். மற்றச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனான்.

நான் தீனி போட்டுக்கொண்டே இருந்தேன். என் அறையிலிருந்து கேட்டால் அந்தக் குமிழிச் சத்தம் நீ தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைப்பதுபோலவே இருக்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒருநாள் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டேன். ஃபில்டரை நிறுத்திவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். நிறுத்தினால் உள்ளே குடிவந்தவை செத்துவிடும். அந்த வீட்டில் நீ வளர்த்து மிச்சமிருந்த உயிர் அதுதான். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் போத்தலொன்றில் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடைக்காரர் அதில் மருந்துத் துளி விட்டு, நிறத்தைப் பார்த்து, இனி மீன் விடலாம் என்றார். நீ பார்த்த நீலம் அங்கே இல்லை. யாராவது கொண்டுபோனார்களா, கோப்பையிலேயே முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. சிவப்பு ஒன்றை எடுத்து வந்தேன். பையோடு மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகுதான் திறந்துவிட்டேன்.

அன்று பொழுதுபடும் நேரம், மீன் திடீரென்று செவுள்களை விரித்துக்கொண்டு கண்ணாடியை முட்டியது. என்னை அல்ல, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பதுபோல் இருந்தது. பின்னால் நீ வழக்கமாக உட்காரும் கதிரை. நான் திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் எடுத்தது. ஒன்றுமில்லை. தொட்டிக்குள் லைட் எரிய, வெளியே அறை இருண்டதும் கண்ணாடியில் தன்னையே கண்டு சண்டைக்கு நின்றிருக்கிறது. அறை லைட்டைப் போட்டதும் அடங்கிவிட்டது. அதிலிருந்து இருட்டுமுன்னே அறை லைட்டைப் போட்டுவிடுகிறேன். மீனுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே போய் வந்து, பூட்டில் திறப்பைப் போட்டுக் கதவைத் தள்ளும்போது, நீ பயப்படாதிருக்க "நான்தான்" என்று சொல்லும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நான் மீனோடு கதைக்கிறேன் என்று பக்கத்து வீட்டார் நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.