வாசித்துக் காட்டியவர்

சேந்தன்பத்து,
தை 19

அன்புத் தங்கச்சி அருணாசலவடிவுக்கு அண்ணன் வெள்ளத்துரை தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

'தன் கையாலேயே' என்பதை இன்னொரு தடவை வாசித்துக்கொள். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல எவனெவனோ எழுதியது. இது எழுபத்தோரு வயதில் நானே எழுதுவது. பால்வாடிக் கட்டிடத்தில் சாயங்காலம் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. டீச்சர் சரண்யாதேவி, நம் ஊர்ப் பிள்ளைதான். ஆறு மாதம் போனேன், பரீட்சை எழுதினேன், சான்றிதழும் வாங்கிவிட்டேன். போனில் நீ பேசுவது என் காதில் விழுவதில்லை. இனி அந்தக் கவலை இல்லை.

இந்த அளவு எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது. "இந்த நேரத்துக்கு ரெண்டு வரப்பு வெட்டிருக்கலாம்" என்கிறாள் உன் மதினி. எந்த இடத்தில் எந்த 'ர' என்று அவளிடம் கேட்கவும் முடியாது. அவளுக்குத் தெரிந்தால்தானே.

வாழை குலை தள்ளிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் குறைவு. கிணற்று மோட்டாரை நம்பித்தான் ஓடுகிறது. அந்த இலவசக் கரண்ட் இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது. நம் பேருக்கு மாற்றாவிட்டால் மீட்டர் வைத்துவிடுவார்கள் என்று கட்சிக்காரன் சத்தியராஜ் வந்து சொன்னான். ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான். உர மானியமானாலும் கரண்டானாலும் நமக்கு அவன்தான் வழி. அப்பா காலத்திலிருந்து நம் ஊர் ஓட்டு மோட்டார் ரூமுக்குத்தான் போகிறது. கரண்ட் கொடுத்தவர்களுக்கு அப்பா போட்டார். கடன் தள்ளுபடி கொடுத்தவர்களுக்கு நான் போட்டேன். சத்தியராஜ் கட்சி மாறினான், நாங்களும் அவன் பின்னால் மாறினோம். சித்திரையில் மறுபடி ஓட்டு வருகிறது.

மேலவயலில் பட்டா வைத்திருக்கும் பதினெட்டுப் பேரும் ஒரே தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்க வேண்டுமாம். பிள்ளைகளெல்லாம் தூத்துக்குடியிலும் திருப்பூரிலும் இருக்க, ஊரில் இருப்பது கைநாட்டுக் கிழடுகள்தான். "கைநாட்டு வைக்கவங்களுக்கு வாசிச்சுக் காட்ட உள்ளூர்ல ஒரு ஆளு வேணும். நீருதான் அதுக்குச் சரியான ஆளு பெரியவரே" என்றான்.

பதினேழு பேருக்கு நான் வாசிக்கப் போகிறேன், வடிவு!

உன் அன்பு அண்ணன்,
வெள்ளத்துரை
(கையெழுத்து நேராக வந்திருக்கிறதா, சொல்.)


தூத்துக்குடி,
தை 27

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வடிவு எழுதுவது. இங்கே நான், செந்தில்முருகன், மருமகள் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் மதினி சுகத்துக்கும் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். சாவுச் செய்தியோ என்று பயந்து மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. நாலு இடத்தில் 'ர'வும் 'ற'வும் மாறிக் கிடக்கிறது. அதற்காக எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். இந்த வருடம் பொங்கல்படிச் சீர் வரவில்லை என்று உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இந்தக் கடிதத்தையே படியாக எடுத்துக்கொண்டேன்.

இங்கே காயப்போட்ட துணியெல்லாம் கரித்தூள். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறானே செந்தில்முருகன், கேட்டுக்கு வெளியே வரிசையில் இரண்டு நாள் கிடந்து வருகிறான். லாரிகளை நிறுத்தவும் கப்பலில் ஏற்றும் பெட்டிகளை அடுக்கவும் ஆற்றுப் பக்கம் ஒரு கம்பெனி வயல் தேடுகிறதாம். டிரைவர்கள் பேச்சில் நம் ஊர்ப் பேர் அடிபடுகிறதாம். "மாமா எதுலயும் கையெழுத்துப் போட்டுற வேண்டாம்னு எழுதும்மா" என்று சாப்பிடாமல் கொள்ளாமல் நிற்கிறான்.

மேலவயலில் பாதி என் பங்கு என்பதற்காகச் சொல்லவில்லை. கரண்டுக்குப் பேர் மாற்ற ஏன் எல்லோரும் ஒரே தாளில் வைக்க வேண்டும்? அந்தத் தாளின் தலைப்பை மட்டுமாவது பார்த்து அப்படியே எழுதி அனுப்புங்கள். நான் பதில் எழுதும்வரை பொறுங்கள்.

உங்கள் தங்கை,
அருணாசலவடிவு


சேந்தன்பத்து,
மாசி 4

அன்புத் தங்கச்சிக்கு,

நீ பொறுக்கச் சொன்ன கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே காரியம் முடிந்துவிட்டது. பயப்படாதே. எப்படி நடந்தது என்று கேள்.

சொசைட்டி வராண்டாவில் எல்லோரும் கூடினோம். சத்தியராஜ் தாளை என் கையில் கொடுத்தான். நான் எழுத்துக் கூட்டி 'நில' என்று முடிப்பதற்குள் நம் பக்கத்து வயல் சிவசுப்பிரமணியன், "நெலத்த வாசிச்சு முடிக்கதுக்குள்ள நெல்லு வெளஞ்சிரும் போலுக்கே" என்றான். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு மெல்ல மெல்ல 'ஒப்பு' வரைக்கும் வந்தேன். "சீக்கிரம் வாசியும்வே, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். 'ஒப்புகை' என்று முடித்துவிட்டேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் அது. ஓட்டு மெஷின் பக்கத்தில் கண்ணாடிக்குள் தெரிகிற சீட்டுக்கு ஒப்புகைச் சீட்டு என்று பேர். வகுப்பில் படித்தேன். உரம் வாங்கினால் கொடுப்பதும் ஒப்புகைதான். "நம்ம மனுவ வாங்கிக்கிட்டதுக்குச் சீட்டு இது" என்று விளக்கினேன். "சரியாச் சொன்னீரு" என்றான் சத்தியராஜ். கீழே பொடி எழுத்தில் நிறைய இருந்தது. அதற்குள் மைப்பெட்டியைத் திறந்துவிட்டான். எனக்கும் மூச்சு வாங்கியது.

பதினேழு கட்டைவிரல் வைத்து முடிந்ததும் அவன் என்னை ஒரு வரி எழுதச் சொன்னான். 'மேற்கண்டவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.' அதன் கீழே என் கையெழுத்து. கூட்டுப் பட்டா என்பதால் உன் பங்குக்கும் அதுவே போதுமாம். அந்த வரியை எழுதக் கால் மணி நேரம் ஆனது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியவரும் நின்று பார்த்தார்.

ஜெராக்ஸ் ஒன்று கேட்டு வாங்கினேன். நீ சொன்னபடி தலைப்பைப் பார்த்து எழுதுகிறேன்:

'நில உரிமையாளர்கள் ஒப்புதல் பத்திரம்.'

மூன்றாவது சொல்லைக் கவனித்தாயா? 'கை' போட வேண்டிய இடத்தில் அச்சடித்தவன் 'தல்' போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து நிதானமாக வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது. படித்தவர்களுக்கும் பிழை வருகிறது பார். சத்தியராஜிடம் சொல்லித் திருத்த வேண்டும்.

அன்பு அண்ணன்,
வெள்ளத்துரை


தூத்துக்குடி,
மாசி 10

அண்ணே, அது பிழை இல்லை.

ஒப்புகை என்றால் வாங்கிக்கொண்டேன் என்பதற்குச் சீட்டு. ஒப்புதல் என்றால் சம்மதம். நிலத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று பதினெட்டுப் பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பொடி எழுத்தில் இருப்பதை சரண்யாதேவியிடம் காட்டி முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். எல்லோரையும் கூட்டி உள்ளதைச் சொல்லி, தாலுகா ஆபீசுக்குப் போங்கள். சத்தியராஜ் வீட்டு வாசலில் மட்டும் தனியாகப் போய் நிற்காதீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. பதில் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள்.

வடிவு


சேந்தன்பத்து,
சித்திரை 14

வடிவு,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் இல்லை. எழுத உட்காருவேன். 'ஒ' என்று எழுத வேண்டி வரும் இடமெல்லாம் கை நின்றுவிடும்.

சரண்யாதேவி முழுதும் வாசித்தாள். நீ சொன்னதுதான். வாசித்து முடித்துத் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று உள்ளே போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

பங்குனியில் அந்தக் கம்பெனிக்காக அளக்க வந்தார்கள். தலையில் சிவப்பு அடித்த கற்களை வரப்பு வரப்பாக நட்டார்கள். நம் கிணற்றை ஒட்டி ஒன்று நிற்கிறது. அளந்தவன் நல்லவன் போலிருக்கிறது. "உளுந்து வெதைக்காதீரும் பெரியவரே, எடுக்க விடமாட்டாவ" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது மேற்கே பகலெல்லாம் ஜேசிபி சத்தம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்கிறது. என் காதுக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

ஊரைக் கூட்டி என் தப்பைச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சத்தியராஜ் மேல் மனுக் கொடுப்போம் என்றேன்.

"கொடுத்துட்டு? மறுநாளே மோட்டார் பீஸப் புடுங்கிருவான். வாழைக்கு எங்க போயித் தண்ணி எடுப்பேரு?" என்றான் சிவசுப்பிரமணியன்.

"நெலமே போவுது, தண்ணி எதுக்குலே?"

"நெலம் நாளைக்குத்தான் போவும். கரண்டு இன்னைக்கே போயிரும்லா."

துண்டை உதறிக்கொண்டு ஆளாளுக்கு எழுந்து போய்விட்டார்கள். ஓட்டு வந்தது. சத்தியராஜ் வாசலில் நின்று கும்பிட்டான். யார் எதற்குப் போட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவன் காட்டிய சின்னத்துக்கே ஊரே போட்டது. நான் வேறு பொத்தானை அமுக்கினேன். கண்ணாடிக்குள் சீட்டு ஏழு வினாடிதான் தெரிகிறது. மூன்று எழுத்துக் கூட்டுவதற்குள் விழுந்துவிட்டது. யாருக்குப் போட்டேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

தாலுகா ஆபீசுக்குத் தனியாகத்தான் போனேன். அங்கே மெல்வின் என்ற கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினேழும் கைநாட்டு அண்ணாச்சி. வாசிச்சுக் காட்டுனவருக்கே வாசிக்கத் தெரியாதுன்னா இந்தத் தாளு நிக்காது. பேரையும் ஒரு வரியையும் பாத்து வரையத்தான் தெரியும்னு எழுதிக் கொடுங்க. தாசில்தார் விசாரிப்பாரு" என்றார். வைகாசி 6 விசாரணை.

ஊரில் வந்து சொன்னேன். எல்லோர் முகமும் தெளிந்தது. "சத்தியராஜ் மேலன்னா மாட்டோம். உம்ம மேலன்னா கொடுக்கோம்" என்றான் சிவசுப்பிரமணியன். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னான்.

நான் என்ன செய்யட்டும்?

அண்ணன்


தூத்துக்குடி,
சித்திரை 22

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். மூன்று கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. ஏமாற்றியவன் வெள்ளைச் சட்டையோடு ஓட்டுச் சாவடி வாசலில் நிற்பான், நீங்கள் ஊர் முன்னால் தற்குறி என்று நிற்க வேண்டுமா? என் பங்கு போனால் போகட்டும். நீங்களும் மதினியும் இங்கே வந்துவிடுங்கள். செந்தில்முருகன் அதைத்தான் சொல்கிறான்.

கரண்ட் போய்விடும் என்று உங்களுக்காக ஒரு மனுவில் விரல் வைக்கப் பயப்படுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்காக நீங்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

6ஆம் தேதி காலை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். இந்தக் கடிதங்களைத் தாசில்தார் மேசையில் வைக்கிறேன். அவன் உங்களை எப்படி ஏய்த்தான் என்பது இதிலேயே இருக்கிறதே. அவர் வாசிக்கட்டும்.

உங்கள் தங்கை,
வடிவு


சேந்தன்பத்து,
வைகாசி 1

அன்புத் தங்கச்சி,

நீ வர வேண்டாம். கடிதங்களைக் கொண்டுவரவே வேண்டாம். இதையும் சேர்த்து நாலையும் அடுப்பில் போட்டுவிடு.

ஏய்த்தான் என்று நிரூபித்தாலும் வழக்கு அவன் மேல் ஆகிவிடும். அவன் மேல் என்றால் பதினேழு பேரும் ஆபீஸ் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அவன் வக்கீல் வைத்திருக்கிறான். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி தேடுகிறார்கள். சான்றிதழை உன் மதினி கொளுத்திவிட்டாள். சரண்யாதேவியின் பதிவேட்டில் என் பேரும் மார்க்கும் இருக்கின்றன. அதற்கு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவளிடம் போய் நிற்பதை விட்டுவிட்டேன்.

நீ இனி எழுதாதே. தபால்காரர் வில்பிரட் என் பேரைச் சொல்லித் தெருவில் கூப்பிடுகிறார். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்காக அவர்கள் விரல் வைக்க மாட்டார்கள் என்று நீ எழுதியது சரிதான். ஆனால், வடிவு, அன்றைக்கு அவர்கள் சத்தியராஜை நம்பி வைக்கவில்லை. நான் வாசித்தேன் என்று வைத்தார்கள்.

மெல்வின் ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசிக்கத் தெரியுமா என்று தாசில்தார் வாயால் கேட்க மாட்டாராம். வேறு ஏதோ பேசிக்கொண்டே ஒரு தாளை முன்னால் நகர்த்துவாராம். அப்போது கண்ணையும் வாயையும் பார்ப்பாராம். எனக்கோ எழுத்தைக் கண்டால் உதடு தானாக அசைகிறது. அதனால் ஏரல் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து பழகுகிறேன். பஸ் வருகிறது. போர்டைப் பார்க்கிறேன். பல்லைக் கடித்துக்கொள்கிறேன். நேற்று நாலு பஸ் வரைக்கும் சரியாக இருந்தேன். ஐந்தாவது உன் ஊர் பஸ். 'தூ' என்று வாய் சொல்லிவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் நின்றவன் நான் துப்புகிறேன் என்று நினைத்துத் தள்ளிப் போய்விட்டான்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

அண்ணன்